கிறிஸ்துமஸ் கைத்தையல்: பணம் கொடுக்கும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள்

கோட்டார் சவேரியார் கோவில் கொடியேற்றம் நெருங்குகிறது. நம் குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் பர்ச்சேஸ் சூடுபிடிக்கும் நேரம். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஊசி, நூல், லேஸ் சம்பந்தப்பட்டவை. அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே.

எங்கள் பங்குக் கோவிலின் பீட விரிப்புக்குக் கிறிஸ்துமஸுக்குள் புது லேஸ் வைக்க வேண்டும். நான்கு விரல் அகல லேஸைக் காட்டி, "அசல் நாகர்கோவில் கைலேஸ், மீட்டர் 180 ரூபாய்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? – வாசகி, மார்த்தாண்டம்

விலையே பதில் சொல்லிவிடுகிறது. அந்த அகலத்துக்குக் கையால் பின்னிய தலையணை லேஸ் மீட்டர் 180 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது. கெட்டியான தலையணை மேல் துளையிட்ட மாதிரி அட்டையை வைத்து, நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றி முறுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசி குத்திக்கொண்டே போகிற வேலை அது. அகலம் கூடக் கூடக் கட்டைகளும் கூடும், நேரமும் கூடும். ஒரு மீட்டருக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று பின்னத் தெரிந்த யாரிடமாவது கேட்டுவிட்டு 180 ரூபாயை அதால் வகுத்துப் பாருங்கள். வருகிற கூலிக்கு யாரும் உட்காரமாட்டார்கள்.

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருப்பதால்தான் கடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1819-இல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷன் தம்பதி சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். மார்த்தா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைக் கொண்டு விலை கொடுத்து அடிமை நிலையிலிருந்து மீண்ட பெண்களும் உண்டு. முளகுமூடு கன்னியர் மடத்தின் ஊசிவேலைக்கும் நம் பக்கம் நல்ல பேர். இப்படிப்பட்ட பெயரை மெஷின் லேஸ் மேல் ஒட்டி விற்பது எனக்குக் கொஞ்சம் கோபம் வரவைக்கிற விஷயம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அரை மீட்டராவது விரித்து வைத்து, ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் இடங்களை ஒப்பிடுங்கள். மெஷின் லேஸில் பூவும் ஒன்றுபோலவே இருக்கும், பூவில் உள்ள பிசிறும் அதே இடத்தில் ஒன்றுபோலவே வரும். கைவேலையில் இழுப்பு ஒரு இடத்தில் இறுகியும் இன்னொரு இடத்தில் லேசாகவும் இருக்கும். அப்புறம் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சந்தையில் அதிகம் கிடைக்கும் ஒரு ரகம், கரைந்துபோகும் துணி மேல் மெஷினில் எம்பிராய்டரி போட்டு, துணியைக் கரைத்துவிட்டு நூலை மட்டும் மிச்சம் வைப்பது. அதன் ஓரங்களில் மெல்லிய மயிர் போல நூல் நீட்டிக்கொண்டிருக்கும். நூல் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்திருக்குமே தவிர, பின்னலாக ஓடாது. மூன்றாவது, நீளம். ஒட்டே இல்லாமல் பெரிய ரோலாகச் சுற்றி வைத்து வெட்டிக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

நூல் பருத்தியா பாலியஸ்டரா என்று தெரிய, பிரிந்த இழை ஒன்றை வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும்.

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவின் கதை வேறு. அசல் குரோஷா பின்னலை மெஷினால் போட முடியாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை யாரோ ஒருவர் கையால்தான் போட்டிருக்கிறார். அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதுதான் அங்கே கேள்வி. குரோஷா போலத் தெரியும் மெஷின் லேஸும் உண்டு. அசலில் முடிச்சை அவிழ்த்துக் கடைசித் தையலை இழுத்தால் ஒரே நூலாகக் கண்ணி கண்ணியாகப் பிரிந்து வரும்.

என் யோசனை: பீட விரிப்பு அடிக்கடி துவைக்கிற துணி. அதற்குப் பருத்தி மெஷின் லேஸ் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. மெஷின் லேஸை மெஷின் லேஸ் விலைக்கு வாங்குங்கள், அவ்வளவுதான். கைலேஸ்தான் வேண்டுமென்றால் முன்புறத் தொங்கலுக்கு மட்டும் பின்னுகிறவரிடமே ஆர்டர் கொடுங்கள், அதுவும் அடுத்த ஈஸ்டருக்கு. இனி கிறிஸ்துமஸுக்கு நேரமில்லை. எதை வாங்கினாலும் அது கைவேலையா மெஷினா, பருத்தியா பாலியஸ்டரா என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். தைக்கும் முன் துணியையும் லேஸையும் தனித்தனியாக நனைத்துக் காயவையுங்கள். இரண்டும் ஒரே அளவு சுருங்காது, தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் கோணிவிடும்.

அத்தைக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக கிராஸ் ஸ்டிச்சில் திருக்குடும்பம் போட ஆசை. ஆன்லைனில் ஒரு கிட் பார்த்தேன், 200-க்கு 150 தையல், 14 கவுண்ட் துணி. இதுவரை போட்டதில்லை. வாங்கலாமா? – வாசகி, தக்கலை

வாங்கலாம், ஆனால் எந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். 200-ஐ 14-ஆல் வகுத்தால் 14 அங்குலத்துக்குச் சற்று மேல். 150-க்குக் கிட்டத்தட்ட 11 அங்குலம். ஃபிரேம் போட ஒவ்வொரு பக்கமும் 2 அல்லது 3 அங்குலம் கூடுதல் துணி வேண்டும். படம் முழுக்க நிறைந்திருந்தால் 30,000 தையல். புதுக் கை மணிக்கு 100 தையல் போடும் என்று வைத்தால் 300 மணி நேரம். மிச்சமிருக்கிற 40 நாளில் தினம் ஏழரை மணி நேரம் குனிந்து உட்கார வேண்டும். அத்தைக்குப் பரிசு கிடைக்கும், உங்களுக்குக் கழுத்து வலி கிடைக்கும்.

50-க்கு 50-இல் ஒரு நட்சத்திரமோ குடிலோ எடுங்கள். 2,500 தையல், 25 மணி நேரம், மூன்றரை அங்குலத்தில் அழகாக நிற்கும். இதற்குக் கிட் வாங்கவே தேவையில்லை. கால் மீட்டர் துணி, நான்கைந்து லச்சி நூல், முனை மழுங்கிய ஊசி, ஒரு ரிங் போதும். ஆங்கர், டிஎம்சி லச்சி ஒன்றில் 8 மீட்டர், ஆறு இழை இருக்கும். 14 கவுண்டுக்கு இரண்டு இழை பிரித்தெடுத்துப் போட்டால் சரியாக மூடும். இரண்டு கம்பெனிக்கும் கலர் எண்கள் வேறு வேறு. டிஎம்சி 321 சிவப்பு என்று மாதிரியில் இருந்தால், அதே எண்ணை ஆங்கரில் கேட்டு வாங்காதீர்கள். ஒப்பீட்டு அட்டை பார்த்து வாங்குங்கள்.

மலிவு கிட்டில் மாட்டிக்கொள்கிற இடம் சிவப்பு நூல். கம்பெனி பெயரில்லாத அடர் சிவப்பும் பச்சையும் நனைத்தால் சாயம் விடும். முழுப் படமும் முடித்துவிட்டுக் கடைசியில் அலசும்போதுதான் மாதாவின் வெள்ளை முக்காடு ரோஸ் ஆகும். முதலிலேயே ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். தேவையான சிவப்பு முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த சாயத் தொகுதியில் நிறம் லேசாக மாறலாம்.

இன்னொன்று, வேலையை மூடிவைக்கும்போது ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். இந்த ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊசி துருப்பிடித்தால் கறை லேசில் போகாது.

ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய எம்பிராய்டரி மேசை விரிப்பு முதல் துவைப்பிலேயே சாயம் போய்விட்டது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. வேறு வழி உண்டா? – வாசகர், கருங்கல்

உண்டு. குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கால வரம்பு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. "கலர் பிடிக்கவில்லை" என்று திருப்பிக் கொடுப்பதற்கு இது பொருந்தாது.

விரிப்பைப் படம் எடுத்து, பில்லோடு கடைக்கு எழுத்தில் கொடுங்கள். நகர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழில் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகலாம். ஒரு மேசை விரிப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. பெரும்பாலும் கடிதத்தோடு முடிந்துவிடும்.

குரோஷா புல்கூடு (குடில்) செட் பின்ன ஒரு வெளிநாட்டுத் தளத்தில் பேட்டர்ன் வாங்கினேன். படத்தில் ஆடு, மாடு, இடையர் எல்லாம் அற்புதம். பின்னினால் தலை உடம்பில் சேரவே இல்லை. தப்பு என் கையிலா? – வாசகி, குளச்சல்

உங்கள் கையில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். செயற்கை நுண்ணறிவில் படம் உருவாக்கி, அதற்குப் பொருந்தாத வழிமுறையை ஒட்டி விற்பது இப்போது பரவலாக நடக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணிகள் வரிசையாக ஓடாமல் நடுவில் கரைந்துபோகும். ஆட்டின் மயிர் குரோஷாவில் வரவே முடியாத நெளிவாக இருக்கும். ஒரே கோணத்தில் மட்டும் படம், பின்பக்கம் கிடையாது. உண்மையாகப் பின்னிப் பார்த்த பேட்டர்னில் ஊசி அளவும் நூல் தடிமனும் முடித்த உயரமும் இருக்கும், முக்கியமாக ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மொத்தக் கண்ணி எண்ணிக்கை எழுதியிருக்கும். 6 கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12, அடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் கூட்டினால் 18. உங்கள் பேட்டர்னில் இந்தக் கணக்கு உதைத்தால் அது யாரும் பின்னிப் பார்க்காத பேட்டர்ன்.

அந்தத் தளத்திலேயே, கணக்கு உதைக்கும் சுற்றுகளைக் குறிப்பிட்டுப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால், கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார், போடலாம். அடுத்த முறை, மற்றவர்கள் பின்னி முடித்துப் போட்ட படங்கள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் ஞானப்பிள்ளைக்கு (திருமுழுக்கில் நான் ஞானப்பெற்றோராக நின்ற குழந்தை) ஒரு வயது. குரோஷா பொம்மை வாங்கிக் கொடுத்தால் ஆபத்தா? ஐஎஸ்ஐ முத்திரை பார்க்க வேண்டுமா? – வாசகர், முட்டம்

கண் எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக் கண், பட்டன், மணி, ஒட்டிய ஃபெல்ட் மூக்கு எதுவும் வேண்டாம். நூலால் தைத்த கண்தான் மூன்று வயதுக்குக் கீழே சரி. கழுத்து, கை, கால் ஒட்டுகளை நன்றாக இழுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே தெரியக்கூடாது.

14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு 2021-இலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அதனால் கையால் செய்த பொம்மையில் முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். பதிவு அட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லாவிட்டாலும் மேலே சொன்ன இழுத்துப் பார்க்கும் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

நான் வாங்குபவள் இல்லை, விற்பவள். ஆறு குரோஷா நட்சத்திரம் 350 ரூபாய். "நூல் என்ன விலை இருக்கும், 200-க்குத் தாங்க" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? – வாசகி, திருவட்டாறு

350-ஏ குறைவு. ஆறு நட்சத்திரத்துக்கு நூல் 60 ரூபாய், வேலை 7 மணி நேரம் என்று வைத்தால், இப்போதே உங்கள் கூலி மணிக்கு 41 ரூபாய். 200-க்குக் கொடுத்தால் 20. இந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள். பேரம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேருக்கு ஒற்றை நட்சத்திரம் விற்கலாம். விலையைக் குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஆர்டருக்குப் பாதி முன்பணம், கடைசித் தேதி, நிறம், அளவு எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும். சட்டத்தின் கண்ணில் நீங்களும் வியாபாரிதான்: பருத்தி என்று சொல்லிவிட்டு அக்ரிலிக்கில் போட்டுக் கொடுத்தால் மேலே கருங்கல் வாசகருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பேரம் பேசியே ஆகவேண்டும் என்றால் மெஷின் லேஸ் ரோல் வைத்திருக்கும் கடையில் பேசுங்கள்.

குரோஷா நட்சத்திரம் விறைப்பாக நிற்க என்ன போடுவது? போன வருடம் போட்டது எல்லாம் கரும்புள்ளி விழுந்துவிட்டது. – வாசகி, குலசேகரம்

மரச்சீனி மாவுக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ போதும். நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் தாள் விரித்த அட்டையில் துருப்பிடிக்காத குண்டூசியால் முனைகளை இழுத்துக் குத்தி, ஃபேன் காற்றில் காயவையுங்கள். கரும்புள்ளி பூஞ்சை, கஞ்சியோடு அப்படியே பெட்டியில் வைத்ததால் வந்தது. கரப்பானுக்கும் கஞ்சி பிடிக்கும். ஜனவரியில் கிறிஸ்துமஸ் மரத்தைப் பிரிக்கும்போதே வெந்நீரில் கஞ்சி போக அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, துணிப் பையில் போட்டு வையுங்கள். அக்ரிலிக் நூலில் போட்டதென்றால் வெந்நீரும் வேண்டாம், அயர்ன் பாக்ஸும் வேண்டாம், மெழுகுவர்த்தி பக்கத்தில் தொங்கவிடவும் வேண்டாம், சூட்டில் வடிவம் குலையும், தீ பட்டால் உருகி எரியும்.