கிளாக்கோமாவுக்கு 24-2, 10-2: எந்தப் பார்வைப்புல சோதனை?

அப்பாவுக்கு ஒரு மருத்துவர் 24-2 எடுக்கச் சொன்னார், இன்னொருவர் 10-2 கேட்கிறார், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான், தேடும் இடம்தான் வேறு.

இரண்டும் பார்வைப்புலத்தை, அதாவது கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பை, அளக்கும் ஹம்ஃப்ரி கருவியில் எடுப்பவை. ஒரு கண்ணை மூடி, நடுவிலுள்ள விளக்கையே பார்த்தபடி, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். 24-2 சோதனை 54 இடங்களை 6 டிகிரி இடைவெளியில் பார்க்கும். பார்வை நரம்பைப் பாதிக்கும் நோயான கிளாக்கோமா பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலும் நடுவைச் சுற்றி வில் போலவும் பார்வையைத் தின்பதால், முதலில் எடுப்பது இதுதான். ஆனால் நடு 10 டிகிரிக்குள் அதற்கு 12 புள்ளிகளே கிடைக்கும். 10-2 அதே பகுதியில் 2 டிகிரி இடைவெளியில் 68 புள்ளிகளைச் சோதிக்கும். படிப்பதற்கும் முகம் அறிவதற்கும் உதவும் நடுப்பார்வையில் சிறு பாதிப்பு இருந்தால் 24-2 தவறவிடலாம், 10-2 பிடித்துவிடும். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் அதன் நடுப்பகுதியான மாக்குலா மெலிந்திருந்தால் 10-2 சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முகாம்களில் வைக்கும் எஃப்டிடி என்ற இன்னொரு பார்வைப்புலக் கருவி வேகமானது, நோய் இருக்கக்கூடியவர்களை முதற்கட்டமாகக் கண்டறிய நல்லது. நோய் கூடுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்க அதை மட்டும் நம்ப மாட்டேன்.

அப்புறம் ஒன்று. முதல் சோதனை பலருக்கும் மோசமாகத்தான் வரும், பழக்கமில்லாததுதான் காரணம். அறிக்கையில் தவறான அழுத்தங்கள் (வெளிச்சம் தெரியாதபோதே பொத்தானை அழுத்தியவை, false positives) 15 சதவீதத்தைத் தாண்டினால் முடிவை நம்பாமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பழைய அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.