கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் தேவைதானா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 65 வாட் பிராசசர். அதோடு வந்த கூலர்தான் மூன்று வருஷமாக ஓடுகிறது. எக்ஸ்போர்ட் கொடுத்ததுமே 95 டிகிரியைத் தொடுகிறது, ஃபேன் அலறுகிறது. வாட்டர் கூலிங்குக்கு மாறிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வெப்பம் எங்கே தேங்குகிறது என்று முதலில் பாருங்கள். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அதே எக்ஸ்போர்ட்டை 15 நிமிடம் ஓடவிடுங்கள். எட்டு, பத்து டிகிரி இறங்கினால் குறை கூலரில் இல்லை. கேபினெட்டுக்குள் காற்று ஓடவில்லை. முன்னால் உள்ளே இழுக்க ஒரு ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒரு ஃபேன் இருக்கிறதா பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் வாட்டர் கூலிங்கின் ரேடியேட்டரை (தண்ணீரின் சூட்டைக் காற்றில் இறக்கும் தகட்டுப் பெட்டியை) வைத்தால் அதுவும் அதே வெந்த காற்றில்தான் கிடந்து தவிக்கும்.

கதவைத் திறந்தும் எண் அசையவில்லையா, கூலரைக் கவனியுங்கள். மேலே பார்க்க ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். அதைக் கழற்றினால் அடியில் அலுமினியத் தகடுகளின் மேல் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். ஊதி எடுக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் போய்விடும். நான்கு பிளாஸ்டிக் முளைகளை அழுத்திப் பூட்டுகிற வகைக் கூலர் என்றால், மதர்போர்டின் பின்பக்கம் நான்கும் முழுசாக வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தாலே வெப்பநிலை எகிறும்.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்கு போல ஆகியிருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். ஏஎம்4 சாக்கெட் (ஏஎம்டியின் முந்தைய ரைசன் பிராசசர்கள் உட்காரும் இடம்) என்றால் ஓர் எச்சரிக்கை: சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்தபின், கூலரை இடவலமாகத் திருகியபடி எடுங்கள். குளிர்ந்த நிலையில் வெடுக்கென்று இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வரும், அதன் முட்கள் வளையும்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் அடங்காவிட்டால் 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலர் (தகடடுக்கு கோபுரம் போல நிற்கும் கூலர்) ஒன்றை மாட்டுங்கள். 65 வாட் என்று போட்டிருக்கும் பிராசசர்களும் அதற்கு மேல் இழுக்கும். ரைசன் 5 7600 வகை 88 வாட் வரை போகும். டவர் கூலர் அதை அசராமல் தாங்கும். வாங்குமுன் கூலரின் உயரம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 24 கோர் பிராசசரில் மணிக்கணக்காக 3டி ரெண்டரிங். பெரிய இரட்டை டவர் கூலர் போட்டும் 100 டிகிரியில் முட்டி வேகம் குறைகிறது. வாட்டர் கூலிங்குக்கு 240 மி.மீ. ரேடியேட்டர் போதுமா, 360 வேண்டுமா? எங்கே மாட்டுவது?

பதில்: உங்கள் வேலைக்குத் தண்ணீர் பொருந்தும். அதற்கு முன் பயாஸுக்குள் (கணினி ஏறும்போது திறக்கிற மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள்) போய் பிராசசரின் மின் வரம்பைப் பாருங்கள். கோர் ஐ9 13900கே போன்றவற்றுக்கு இன்டெல் சொல்லும் உச்சம் 253 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பையே தூக்கிவிட்டு ஓட்டுகின்றன. அதை 253-க்கும், பிறகு 200-க்கும் இறக்கி, ஒரே காட்சியை ரெண்டர் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்தில் இழப்பது கொஞ்சம், வெப்பத்தில் இறங்குவது நிறைய. (ரைசன் 7000 வரிசை வைத்திருப்பவர்கள் 95 டிகிரியைக் கண்டு பதற வேண்டாம். அந்த எல்லை வரை ஏறி ஓடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.)

வாங்குவதென்றால் 360. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், 200 வாட் வெப்பம் அதை ஒரு சுற்றில் 3 டிகிரிகூட ஏற்றாது. ஆக, வெப்பத்தைச் சுமப்பது தண்ணீருக்குப் பெரிய வேலை இல்லை; அதை அறைக் காற்றில் இறக்கிவைப்பதுதான் வேலை. அதற்கு வேண்டியது ரேடியேட்டரின் பரப்பு. பரப்பு கூடினால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும்.

மாட்ட நல்ல இடம் கேபினெட்டின் கூரை. ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., மொத்தம் 52 மி.மீ. இடம் வேண்டும். உயரமான ரேம் இருந்தால் இடிக்கும். டேப்பை வைத்து அளந்துவிட்டே வாங்குங்கள். முன்பக்கம் மாட்டினால், ரேடியேட்டரின் மேல்முனை, தண்ணீரை ஓட்டும் பம்ப்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். மூடிய நீர்ச்சுற்றுக்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கும், அது மேலேதான் போய்ச் சேரும். உச்சியில் பம்ப் இருந்தால் காற்று அதற்குள் புகுந்து களகளவென்று சத்தம் போடும், நாளடைவில் பம்ப்பே கெடும். கேபினெட்டின் தரையில் ரேடியேட்டரை மாட்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

பிராசசரைத் தொடும் செம்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், புதிதாக மாட்டியும் சூடு குறையவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடட்டும். மதர்போர்டின் சிபியு ஃபேன் முனையில் எதுவும் சொருகாமல் விட்டால், ஃபேன் இல்லை என்று பல கணினிகள் ஏறும்போதே நின்றுவிடும். தண்ணீர் நிதானமாகத்தான் சூடேறும் என்பதால் அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டினால்தான் உண்மையான எண் தெரியும்.

கேள்வி: வாட்டர் கூலர் கசிந்து எல்லாம் பாழாகிவிடுமோ என்று பயம். எத்தனை வருஷம் வரும்?

பதில்: ஆலையிலேயே மூடி வரும் செட் கசிவது அரிது. ஆனால் ரப்பர் குழாயின் சுவர் வழியே தண்ணீர் துளித்துளியாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே பம்ப் நிற்கலாம். நின்றதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம்: ஓட்டம் நன்றாக இருந்தால் இரண்டு குழாயும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். பிராசசர் சர்ரென்று 100-க்கு ஏற, ரேடியேட்டர் மட்டும் சில்லென்று கிடந்தால் தண்ணீர் ஓடவில்லை. டவர் கூலரில் ஓடித் தேய்வது ஃபேன் ஒன்றுதான், அதையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: தனித்தனியாகப் பாகம் வாங்கி நானே வாட்டர் கூலிங் சுற்று அமைக்கலாமா? குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு படியும், பாசியும் பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரோடு பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து சேருங்கள், அல்லது தயாராக விற்கும் கூலன்ட் ஊற்றுங்கள். பிராசசரின் மேல் உட்காரும் செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். நீரை நிரப்பியதும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளையிலிருந்து) பம்ப்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாள் விரித்து 24 மணி நேரம் ஓட்டுங்கள். தாள் நனையாமல் இருந்தால்தான் மதர்போர்டுக்கு மின்சாரம்.

கேள்வி: வாட்டர் கூலிங் போட்டால் அறையில் புழுக்கம் குறையுமா?

பதில்: குறையாது. 250 வாட் இழுத்தால் 250 வாட்டும் அறைக்குள்தான் வந்து விழும். முன்பு சொன்ன பயாஸ் மின் வரம்பைக் குறைத்தால் குறையும்.