சிறு தொழில்கள் ஓர் ஊரை எப்படி மாற்றுகின்றன?

இயந்திர முதலீடு 25 கோடி, ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாயைத் தாண்டாதவை சிறு தொழில்கள்; 2025 ஏப்ரல் முதல் இதுதான் வரம்பு. ஊரை மாற்றுவது அந்த அளவு அல்ல, பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்பதே. வாய்க்கால் தண்ணீர் கடைமடை சேருமுன் பல வயல்களை நனைப்பது போல.

கேரள எல்லையை ஒட்டிய பொள்ளாச்சியைப் பாருங்கள். தேங்காய் மட்டையை நாராக்கி, மிஞ்சும் ‘பித்’ என்கிற நார்த்தூளை நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க ஏற்றுமதி செய்கிறார்கள். அலசுவதில்தான் சூட்சுமம்: தூளில் உள்ள உப்பு இறங்காவிட்டால் அதில் வளரும் செடி கருகும், சரக்கு திரும்பும். மட்டை விற்ற விவசாயி, லாரிக்காரர், களத்தில் உலர்த்தும் பெண்கள், பட்டறைக்காரர் எல்லார் வீட்டிலும் அந்தப் பணம் புழங்குகிறது.

சிறு தொழில்தானே, மாசு வராது என்று பலர் நினைக்கிறார்கள். அலசிய பழுப்பு நீரை வெறும் மண்ணில் விட்டால் பக்கத்துக் கிணறு கெடும், சிமெண்ட் தளமும் வடிகால் தொட்டியும் கட்டாயம் வேண்டும்.