சவாசனத்தை மட்டும் விட்டுவிட்டேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சியில் வசிக்கும் 54 வயதுப் பெண். பள்ளி ஆசிரியையாக இருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் விருப்ப ஓய்வு பெற்றேன். ஏழு ஆண்டுகளாக யோகப் பயிற்சி செய்துவருகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாகப் பதஞ்சலியின் யோக சூத்திரங்களை ஓர் ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்கிறேன்; நூலின் முதல் இரண்டு பகுதிகளான சமாதி பாதமும் சாதன பாதமும் முடித்துவிட்டோம். படித்ததை வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் அதற்கு வழியில்லை.

நான்கரைக்கு எழுந்து, குளித்து, ஐந்து மணிக்குப் பாயை விரிக்கிறேன். ஐந்தரைக்கெல்லாம் என் கணவர் கூடத்தில் தொலைக்காட்சிச் செய்தியைப் போட்டுவிடுகிறார். ஒலியைக் குறைக்கச் சொன்னால் இரண்டு நாள் குறைப்பார்; மூன்றாம் நாள் பழையபடிதான். முப்பது ஆண்டுகள் காலை நேரம் முழுவதையும் அடுப்படியில் கழித்தவள் எனக்கென்று கேட்பது ஒரு மணி நேரம்தான். என் மாமியார், "பாயை விரிச்சிட்டா நாங்க யாரும் அவ கண்ணுக்குத் தெரிய மாட்டோம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவருக்கு 81 வயது. ஒருநாள்கூட அவருக்குக் காபி கொடுக்க நான் தாமதித்ததில்லை. பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வரும் மகனோ, நான் இரவு உணவை ஆறரைக்கே தனியாக முடித்துக்கொள்வதைக் கேலி செய்கிறான். என் சாதனை, அதாவது இந்த அன்றாட யோகப் பயிற்சி, இவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

சித்தத்தின் விருத்திகள், அதாவது மனத்தின் அலைவுகள், அடங்குவதே யோகம் என்று படிக்கிறோம். இத்தனை இரைச்சலுக்கு நடுவில் எது அடங்கும்? யார் என்ன சொன்னாலும் பதில் பேசாமல், உபேட்சையோடு, அதாவது பொருட்படுத்தாமல், நகர்ந்துவிடப் பழகியிருக்கிறேன். வெளியே அமைதியாகத்தான் இருக்கிறேன், உள்ளே மட்டும் கொதிக்கிறது.

பயிற்சியில் குறை வைக்கவில்லை. ஆசனங்கள் 40 நிமிடம், நாசித் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி 20 சுற்று, பிறகு ஜபம். கடைசியில் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும் சவாசனத்தை மட்டும் ஆறு மாதமாக விட்டுவிட்டேன். கண்ணை மூடிப் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, எழுந்துவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருநாள் காலை தஞ்சாவூரிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவள் பெயர் திரையில் தெரிந்தது. நாடி சுத்தி பாதியில் இருந்ததால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவள் கணவருக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுக்காரர்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார், ஸ்டென்ட் வைத்தார்கள். போன் சைலன்ட்டில் இருந்தது என்று அவளிடம் சொன்னேன். "பரவாயில்லக்கா, நீ யோகால இருந்திருப்பே" என்றாள். அவர் இப்போது நலமாக இருக்கிறார், ஆகவே அதில் பேச ஒன்றுமில்லை. அவளும் முன்போல் அடிக்கடி அழைப்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

என் கேள்வி என் வீட்டைப் பற்றியது. நேற்றுகூட அந்தத் தொலைக்காட்சியால் ஜபத்தின் எண்ணிக்கை தவறிப்போனது. சாதனையை மதிக்காதவர்கள் நடுவில் யோகத்தை எப்படி வாழ்வது? இன்னும் ஆழமான உபேட்சையை எப்படிப் பழகுவது?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தொலைக்காட்சி அதில் இரண்டு இடங்களில் வருகிறது. மாமியாரும் மகனும் வருகிறார்கள். தங்கையோ, "பேச ஒன்றுமில்லை" என்ற முடிவோடுதான் வருகிறாள். நான் அவளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மற்றவற்றுக்கு விரிவாகப் பதில் சொல்லாமல் போவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு உரியது, அதை விட்டுக்கொடுக்கும்படி நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கணவரிடம் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள், மூன்றாம் நாளும் சொல்லுங்கள். அந்த விஷயம் அவ்வளவுதான்.

ஆறு மாதமாகச் சவாசனம் மட்டும் முடியவில்லை என்கிறீர்கள். களைப்பைப் போக்கிச் சித்தத்துக்கு ஓய்வு தருவது என்று ஹட யோக பிரதீபிகை என்னும் பழைய யோக நூல் வருணிக்கும் ஆசனம் அது. மற்ற எல்லாப் பயிற்சிகளிலும் மனத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: தோளைக் கவனிக்க வேண்டும், சுற்றை எண்ண வேண்டும், எந்த நாசித் துளை என்று நினைவு வைக்க வேண்டும். சவாசனத்தில் அந்த வேலைகள் எதுவும் இல்லை. வேலை ஓய்ந்த மனத்தில் நாம் ஒதுக்கி வைத்த நினைவு மேலெழுவது உளவியலில் மிகச் சாதாரணமான நிகழ்வு. உங்களைப் பாயிலிருந்து எழுப்புவது கூடத்துத் தொலைக்காட்சியின் ஒலி என்று நான் நினைக்கவில்லை. கவிழ்த்து வைத்த ஒரு தொலைபேசி தரையில் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒலி அது. தொலைக்காட்சியின் மீது உங்களுக்கு இத்தனை கோபம் வருவதற்குக்கூட, கோபப்படுவதற்கு எளிதான ஒன்றாக அது இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் பாடம் கேட்ட நூலையே எடுத்துக்கொள்வோம். சமாதி பாதத்தில் சாதகனின் இடையூறுகளைப் பட்டியலிட்ட பதஞ்சலி, 31ஆம் சூத்திரத்தில் அவற்றோடு கூடவே வருபவை எவை என்று சொல்கிறார்: துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், மூச்சின் தடுமாற்றம். உங்கள் படபடப்பும் இந்த வரிசைதான். இதற்கான மாற்றுகளை அவர் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போகும்போது, மூச்சைப் பற்றிய சூத்திரம் 34ஆவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்பே, 33ஆம் சூத்திரத்தில், அடுத்த மனிதர்களிடம் நம் மனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துக்கத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் உபேட்சை; இப்படிப் பழகினால் சித்தம் தெளியும் என்கிறார். தெளிவைத் தேடி நீங்கள் பிடித்துக்கொண்டது நாடி சுத்தியை. அவர் முதலில் வைத்தது உறவை.

இந்த நான்கில் உபேட்சை கடைசியாக வருகிறது, ஒரே ஒரு வகையினருக்கு மட்டும் உரியதாகவும் வருகிறது. நீங்கள் அதை எடுத்து நான்கு பேருக்கும் பூசியிருக்கிறீர்கள். செய்தி பார்க்கும் கணவர் தீயது செய்பவர் அல்லர். தான் கண்ணுக்குத் தெரியவில்லையோ என்று 81 வயதில் ஒரு தாய் புலம்புவது உங்களுக்குக் கேலியாகக் கேட்கிறது. எனக்கு அது துக்கமாகக் கேட்கிறது. காபி தாமதமாகவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். அந்த டம்ளரை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். யோகத்தின் முதல் படியான இயமம் என்னும் ஒழுக்கத்தில் நிற்பவனின் குணங்களைத் திருமூலர் வரிசைப்படுத்தும்போது, கொல்லாமை, பொய்யாமை ஆகியவற்றோடு பகுத்துண்பதையும் சேர்த்துச் சொல்கிறார். ஆறரை மணிக்குத் தனியே உண்ணும் உணவு உங்கள் வயிற்றுக்கு நல்லதாகவே இருக்கட்டும். மகன் வந்திருக்கும் நாட்களில் அவன் சாப்பிடும்போது ஒரு டம்ளர் மோரோடு எதிரில் உட்காரலாம். உங்கள் தங்கையோ, அந்த ஐப்பசிக் காலையில் துக்கத்தின் உச்சியில் இருந்தவள். அவளுக்கு உரியது நான்கில் எது என்று, ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை வைராக்கியம் என்று எண்ணியிருந்தால், அதையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கண்டதும் கேட்டதுமான போகப் பொருள்களின் மீது தாகம் நீங்குவதைத்தான் பதஞ்சலி வைராக்கியம் என்கிறார். ஒரு மனிதரின் அழைப்புக்குச் செவி கொடாமல் இருப்பதை அவர் அப்படிச் சொல்லவில்லை. இன்பத்தைத் தொடர்ந்து ஓடுவது ராகம் என்னும் பற்று, துன்பத்தை ஒட்டி நிற்பது துவேஷம் என்னும் வெறுப்பு என்ற சாதன பாதத்து இரண்டு சூத்திரங்களை நினைத்துப் பாருங்கள். காலை ஐந்து மணியின் அந்த நிசப்தம் உங்களுக்கு மிகவும் இனித்துவிட்டது. இனித்ததைக் காப்பதற்காகப் போனைக் கவிழ்த்தீர்கள். நம்மில் பலர் செய்யக்கூடிய காரியம்தான், அதற்காக உங்களைக் கொடியவர் என்று நான் கருதவில்லை. விடியற்காலையில் வரும் அழைப்பு பெரும்பாலும் சாதாரணமானதாக இருக்காது என்பதும் நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பெயரைப் பார்த்த அரை நொடியில் உங்களுக்கும் தெரிந்திருக்கும். படபடப்பு அந்த அரை நொடியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அழைப்பை எடுத்திருந்தாலும் நீங்கள் திருச்சியில், அவள் தஞ்சாவூரில். அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்க உங்களால் முடியாது. ஆகவே அவருடைய நெஞ்சுவலிக்கும் உங்கள் குற்ற உணர்வுக்கும் தொடர்பு குறைவு. அவர் நலமடைந்த பிறகும் உங்களுக்கு நலம் வராததன் காரணம் அதுதான். உங்களை அறுப்பது அதற்குப் பிறகு சொன்ன சொல்: "சைலன்ட்டில் இருந்தது." மருத்துவமனை வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த பெண் "பரவாயில்லக்கா" என்றபோது, அவள் மன்னித்தது சைலன்ட்டில் இருந்த ஒரு போனை. உங்களை மன்னிக்கும் வாய்ப்பை நீங்கள் இன்னும் அவளுக்குத் தரவே இல்லை. அவள் தராத மன்னிப்பை நினைத்து நீங்கள் எப்படி நிம்மதியாகப் படுக்க முடியும்? அழைப்புகள் குறைந்ததற்கு வேலை காரணமாக இருக்கலாம். தன் நெருக்கடியை அக்காவின் யோக நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்டதும் காரணமாக இருக்கலாம்.

எனவே அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சத்தியத்தை விளக்கும்போது, யோக சூத்திரங்களின் பழைய உரையான வியாச பாஷ்யம், பேச்சு உயிர்களின் நன்மைக்காக எழ வேண்டும், அவற்றை வருத்துவதற்காக அல்ல என்கிறது. உங்கள் நெஞ்சுப் பாரத்தை இறக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, லேசாகத் திரும்பி வருவதற்காகச் சொன்னால் அது இன்னொரு தன்னலம்தான். அவள் கோபப்பட இடம் கொடுப்பதற்காகச் சொல்லுங்கள். அக்காவைப் பார்த்துக் கோபப்படவும் முடியாமல், பெருந்தன்மையாக ஒரு "பரவாயில்ல"யைச் சொல்லிவிட்டு, ஆறு மாதமாக அவளும் எதையோ சுமந்துகொண்டுதான் இருப்பாள்.

உடலைப் பற்றி ஒரு சொல். படபடப்பு ஆறு மாதமாகத் தொடர்வதால், நான் சொன்ன காரணத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் வயதில் இரத்த அழுத்தம், தைராய்டு, இதயத் துடிப்பு மூன்றையும் ஒரு மருத்துவரிடம் பார்த்துக்கொள்வது அவசியம். சவாசனத்துக்கும் அவசரமில்லை. இப்போதைக்கு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கண்ணைத் திறந்தபடியே மூன்று நிமிடம் இருங்கள். அவள் நினைவு வந்தால் விரட்ட வேண்டாம்.

இந்த வாரமே ஒருநாள் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். அவள் கணவரை நலம் விசாரித்த பிறகு, அவளோடு அடுக்களையில் தனியாக இருக்கும்போது, "அன்னைக்கு உன் பேரைப் பாத்துட்டுத்தான் போனைக் கவுத்து வெச்சேன், சைலன்ட்ல இல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். நாடி சுத்தியைப் பற்றி விளக்க வேண்டாம். அவள் பேசாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருக்கலாம், அழலாம், உங்களைத் திட்டலாம். எதுவானாலும் கடைசிப் பேருந்து வரைக்கும் அங்கேயே இருங்கள்.