காலையில் மட்டும் வரும் புகை

கோலாலம்பூர் செந்தூலில் இருபத்தெட்டு வருடமாக ஸ்பானர் பிடிக்கிறவன் நான். பழைய காடிப் புகையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. நிறத்தை மட்டும் சொன்னால் போதாது, எப்போது வருகிறது என்றும் சொல்லுங்கள். பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

கெப்போங், புரோட்டோன் விரா 1.5: அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை குப்புனு வருது. அரை நிமிஷத்துல காணாமப் போயிடும். பட்டறை பொமென் இஞ்சினையே பிரிச்சு ஓவர்ஹால் பண்ணணும்னு சொல்லி 3000 வெள்ளி கேக்குறார்.

தம்பி, பணத்தை எடுத்து உள்ளே வையுங்கள். இது பெரும்பாலும் வால்வு சீல். வால்வுத் தண்டில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர் குல்லா இருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகிவிடும். போன வாரம் கழற்றிய ஒன்றை நகத்தால் கிள்ளினேன், சட்டைப் பொத்தான் மாதிரி டக்கென்று உடைந்தது. இரவில் எண்ணெய் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும், காலையில் எரியும்.

சோதிக்க வேண்டுமா? கெந்திங் இறக்கத்தில் கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை விட்டு இறங்குங்கள். கீழே வந்து மிதிக்கும்போது பின்னால் நீலமாகக் கிளம்பினால் சீல்தான். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மேல் சந்தேகப்படலாம். அப்போதும் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை, அளந்து பார்க்காமல் இஞ்சினை இறக்க விடாதீர்கள். பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கட்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ, இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டோ. சீல் மாற்ற ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. பிளக் ஓட்டை வழியாகக் காற்றடைத்தோ கயிறு திணித்தோ வால்வு விழாமல் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பொறுமை எல்லாருக்கும் வருவதில்லை.

அவரே: அதுவரைக்கும் ஓட்டலாமா?

ஓட்டலாம். வாரம் ஒருமுறை எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் குறைகிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சேர்ந்து போய்விடும்.

செராஸ், மைவி: மழை பெஞ்ச மறுநாள் வெள்ளைப் புகை, குழாயில தண்ணி சொட்டுது.

நீராவி. பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் வரும். குழாய் சூடானதும் நின்றுவிட்டால் மறந்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், வாஜா: பிள்ளைய ஸ்கூல்ல விடுற வரைக்கும் வெள்ளைப் புகை நிக்கல அண்ணே. இனிப்பா ஒரு வாடை. ரேடியேட்டர்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்துறேன்.

தங்கச்சி, நாளைக்கு அந்தக் காடியை எடுக்காதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் இஞ்சினுக்குள் போய் ஆவியாகிறது, அநேகமாக ஹெட் கேஸ்கெட். சூட்டோடு ஓட்டினால் ஹெட்டே வளைந்துவிடும். ரேடியேட்டர் மூடியை இஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் தே தாரேக் நுரை மாதிரி லேசாகப் படிந்திருந்தால் பதற வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் காடிகளில் அது உண்டு. டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் டோ பண்ணிப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

பத்துமலை, கார்புரேட்டர் வைத்த பழைய சாகா: கறுப்புப் புகை, பெட்ரோல் நாத்தம்.

ஸ்டார்ட் பண்ணும்போது காற்றைக் குறைக்கும் சோக் தகடு திறக்காமல் மாட்டியிருக்கும். ஏர் பில்டரையும் பாருங்கள். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜிஞ்சாங், விரா: சீல் மாத்தியாச்சு, இன்னும் நீலப் புகை. பொமென் கைய விரிச்சிட்டார்.

பிசிவி வால்வை மாற்றினாரா? இஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வு அது. திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எண்ணெயையும் சேர்த்து இழுக்கும். நான் கற்றுக்குட்டியாக இருந்தபோது ஒரு இஞ்சினை முழுசாகப் பிரித்து, ரிங் போட்டு, மறுநாள் காலை முதலாளி முன்னால் ஸ்டார்ட் பண்ணினேன். பட்டறை முழுக்க நீலம். அவர் ஒன்றும் பேசாமல் அந்த வால்வைக் கழற்றி என் காதருகே குலுக்கினார். சத்தமே இல்லை. நீங்களும் கழற்றிக் குலுக்குங்கள், கடகடவென்று கேட்க வேண்டும்.