ஃபிட்னஸ் சீட்டு வேண்டாம், மாத்திரைப் பட்டையைக் கொண்டு வாருங்கள்: முன்னாள் படைவீரர்களுக்கு மயக்க மருத்துவர் பதில்கள்

அறுவைக்கு முன் முன்னாள் படைவீரர்களைப் பார்த்து அனுப்பும் பி.ஏ.சி. (மயக்கம் கொடுப்பதற்கு முந்தைய பரிசோதனை) பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, மருந்தின் பெயரே இல்லாமல் மருந்தைப் பற்றிக் கேட்பவை. அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

வயது 68. அடுத்த மாதம் மூட்டு மாற்று அறுவை. சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, இதயத்துக்கு ஒரு சின்ன ரோஸ் மாத்திரை சாப்பிடுகிறேன். எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஹவில்தார், காட்பாடி

ரோஸ் மாத்திரை என்றால் நான் என்ன சொல்வது? உங்கள் படை எண்ணை இன்றும் தடுமாறாமல் எழுதியிருக்கிறீர்கள். தினமும் விழுங்கும் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. பட்டையோடு வாருங்கள். பாலிகிளினிக்கில் எல்லா மாதமும் ஒரே கம்பெனி மருந்து கிடைப்பதில்லை. போன மாதம் ஒரு பெயரில் வாங்கியதும் இந்த மாதம் வேறு பெயரில் வாங்கியதும் ஒரே மருந்தாக இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் மயக்க மருத்துவர் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பட்டினி இருந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். அப்போது சர்க்கரை 180, 200 என்றுதான் காட்டும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மெட்ஃபார்மின் அறுவை நாளன்று வேண்டாம். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வேன். இதயத்துக்கான மெட்டோப்ரோலாலையும் கொழுப்பு மாத்திரையையும் விடவே கூடாது, அறுவை நாளன்றும் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரலை ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்துவது வழக்கம். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மூட்டு வலிக்கு ஊர்க் கடையில் பொட்டலமாக வாங்கும் மாத்திரை, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். அந்தப் பொட்டலங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர் எங்களிடம் சொல்லாமல் அறுவை மேஜைக்கு வந்தால், இரத்த அழுத்தம் எதற்கும் அடங்காமல் கீழே போகலாம்.

முந்தின இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார்கள். அறுவையோ மறுநாள் மதியம். என் கணவர் தாங்குவாரா?
— சுபேதாரின் மனைவி, தேனி

தாங்கத் தேவையில்லை அம்மா. வெறும் தண்ணீரை மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். இட்லி, பால் என்றால் ஆறு மணி நேரம், பரோட்டா, பிரியாணி என்றால் எட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் கலந்த காப்பி தண்ணீர்க் கணக்கில் வராது. நாள்பட்ட சர்க்கரையால் வயிறு மந்தமாக இருப்பவர்களும், எடை குறைய வாரம் ஒருமுறை ஊசி போடுபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்பா 1987-இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். இன்றும் இரவில் அலறி எழுகிறார். போன வருடம் ஒரு சிறிய அறுவைக்குப் பிறகு மயக்கம் தெளியும்போது குழாய்களைப் பிடுங்கி எறிந்து, நர்ஸைத் தள்ளிவிட்டார். குடித்திருந்தார் என்று அவர்மேலேயே பழி போட்டார்கள். அவர் குடிப்பதே இல்லை. இப்போது பித்தப்பை அறுவை சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
— மகன், சிவகங்கை

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி, தம்பி. உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது மயக்கம் தெளியும் வேளையில் வரும் சித்தக் குழப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். போர்முனையைப் பார்த்தவர்களிடம், அதிலும் அந்த நினைவுகளால் இன்னும் அவதிப்படுகிறவர்களிடம், இது அதிகம் வருவதைப் பல நாட்டுப் படை மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். அரை விழிப்பில் அவருக்குத் தெரிவது மேலே கூசும் விளக்கு, முகமூடி போட்ட ஆட்கள், கையை அமுக்கிப் பிடிக்கும் ஒருவர். அந்த நிலையில் அவர் போராடுவது இயல்புதான். அவர்மேல் பழி போட்டது தவறு.

போன முறை நடந்ததை அப்படியே எழுதி, பி.ஏ.சி.க்குப் போகும்போது கையில் கொடுங்கள். அவர் வாயால் சொல்லமாட்டார். பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில் எடுப்பதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும் என்பதால் அதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் தெளியவைக்கும் விதத்தை மாற்றலாம். நான் செய்வது இது: வலி இல்லாமல் எழுப்புவோம். பதற்றத்தை மெல்லத் தணிக்கும் மருந்தை அறுவை முடிவதற்கு முன்பே கொடுத்துவிடுவோம். சத்தமும் வெளிச்சமும் குறைந்த மூலையில் படுக்க வைப்போம். தோளைப் பிடித்து உலுக்க யாரையும் விடமாட்டோம். கால் பக்கம் நின்று, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, "ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், ஆபரேஷன் முடிந்துவிட்டது" என்று ஒரே ஆள் திரும்பத் திரும்பச் சொல்வார். உங்களை உள்ளே விடும்படி கேளுங்கள். கண் திறக்கும்போது உங்கள் குரல் கேட்பது பெரிய உதவி.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். கெட்ட கனவுக்காகப் பிராசோசின் எழுதியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து.

முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி வருமாமே?
— ஓய்வுபெற்ற நாயக், தர்மபுரி

வராது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். முப்பது கிலோ சுமையோடு மலையேறிய முதுகுக்கு வலி வர வேறு காரணங்கள் உண்டு.

ஹெர்னியா அறுவைக்காக மூன்று இடத்தில் ஃபிட்னஸ் வாங்கிவிட்டேன். இதய டாக்டரே 'ஃபிட்' என்று எழுதிவிட்டார். பி.ஏ.சி.யில் மட்டும் தேதியைத் தள்ளிவிட்டார்கள். யார் சொல்வது சரி? (பின்குறிப்பு: நான்கு மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.)
— ஓய்வுபெற்ற நாயப் சுபேதார், திருவண்ணாமலை

முதல் வரியில் எழுத வேண்டியதைப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். தேதியைத் தள்ளியவர் சொல்வதுதான் சரி. மாரடைப்புக்குப் பின் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தால், அவசரமில்லாத அறுவைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருப்பது நல்லது. மாரடைப்பு இல்லாமல் வைத்தால் ஆறு மாதம். அதற்குள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். நிறுத்தாமல் அறுத்தால் இரத்தம் கசியும். வலியில்லாத, தள்ளினால் உள்ளே போகிற ஹெர்னியா காத்திருக்கும். ஆனால் அது இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்தில் இந்த மாதக் கணக்கு எதுவும் கிடையாது.

இனி அந்தச் சீட்டைப் பற்றி. 'ஃபிட் ஃபார் சர்ஜரி' என்ற ஒற்றை வரிச் சீட்டு எனக்கு எதற்கும் உதவாது. என்ன அறுவை, எவ்வளவு இரத்தம் போகும், எந்த மயக்கம் என்று எதையும் கேட்காமல் எழுதப்படும் வரி அது. இதய மருத்துவரிடமிருந்து எனக்கு வேண்டியவை வேறு: ஸ்டென்ட் வைத்த தேதி, அதன் வகை, இதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு, எந்த மருந்தை எத்தனை நாள் நிறுத்தலாம், எதைத் தொடவே கூடாது. இவை நான்கு வரியில் அடங்கும். அந்த நான்கு வரி இல்லாமல், ஒரே மாதத்தில் மூன்று எக்கோ எடுத்து, மூன்று கோப்போடு வருகிறவரைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. மூன்று முறை பஸ் ஏறி, மூன்று வரிசையில் நின்றவர் அந்த முதியவர்தான். இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிகிறதா என்று அவரிடம் யாருமே கேட்டிருக்கமாட்டார்கள். எக்கோ சொல்லாத பலவற்றை அந்த ஒரு கேள்விக்கான பதில் சொல்லிவிடும்.

படைவீரர்களிடம் இந்தச் சீட்டு மோகம் கூடுதலாக இருப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. பணியில் இருந்தபோது ஷேப்-1, அதாவது முழு உடல்தகுதி, என்றால் பதவி உயர்வு உண்டு, நல்ல போஸ்டிங் உண்டு. மெடிக்கல் கேட்டகரி இறங்கினால் எல்லாம் கைவிட்டுப் போகும். அதனால் முழங்கால் வலியை மறைத்தீர்கள், பிரஷரை மறைத்தீர்கள், நெஞ்சுப் படபடப்பை மறைத்தீர்கள். அந்தப் பழக்கத்தோடு எங்கள் அறைக்கு வருகிறீர்கள். இது மெடிக்கல் போர்டு அல்ல. இங்கே தேர்ச்சியும் கிடையாது, தோல்வியும் கிடையாது, இங்கே சொல்வதால் யாருடைய பென்ஷனும் குறையாது. ஹீமோகுளோபின் 9 என்றால் இரும்புச்சத்து ஏற்ற மூன்று, நான்கு வாரம் வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) 10 என்றால் 8-க்குக் கீழே இறக்க இரண்டு, மூன்று மாதம் வேண்டும். தேதியைத் தள்ளுவது அதற்காகத்தான். சில அறுவை நிபுணர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அறுவைக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு நோயாளியை அனுப்பி, 'ஃபிட்னஸ் மட்டும் போட்டுக் கொடுங்கள்' என்கிறார்கள். அந்த நேரத்தில் கண்டுபிடிக்க முடியும், சரிசெய்ய முடியாது.

தினமும் இரண்டு பெக் கேன்டீன் ரம். டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?
— பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்

வேண்டும், உண்மையான அளவைச் சொல்ல வேண்டும். நாங்கள் உபதேசம் செய்யப்போவதில்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் வார்டில் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே நடுக்கம் தொடங்கலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் வலிப்பு, பிதற்றல் வரை போகும். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம். நீங்களாக இன்றைக்கே அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, கண்ணிவெடியில் போனது. முதுகு ஊசி போட்டால் இல்லாத காலில் வலி வருமா?
— முன்னாள் சிப்பாய், இராமநாதபுரம்

எப்போதாவது வருவதுண்டு. அடங்கியிருந்த வலி ஊசிக்குப் பின் திரும்பி வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும், அடக்க மருந்தும் உண்டு. அதற்காக முதுகு ஊசியே கூடாது என்று இல்லை. இப்போது அந்தக் காலில் வலி இருக்கிறதா, அதற்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். பட்டையோடு வாருங்கள். செயற்கைக் காலையும் எடுத்து வாருங்கள், மறுநாளே நடக்க வைக்க அது வேண்டும்.

தம்பிக்கு அறுவை முடிந்தும் பல மணி நேரம் சுயமாக மூச்சு வரவில்லை. எனக்கும் அப்படி ஆகுமா?
— ஓய்வுபெற்ற விமானப்படை வீரர், கோவை

ஆகலாம். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் கரைந்துவிடும். அதைக் கரைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். இது குடும்பத்தில் ஓடுவது. ஆரிய வைசிய சமூகத்தாரிடம் அதிகம் என்பதும் பதிவாகியிருக்கிறது. இரத்தப் பரிசோதனை உண்டு, மாற்று மருந்துகளும் உண்டு. தம்பியின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள்.

எங்கள் மருத்துவமனையில் பி.ஏ.சி. பிரிவு தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டைக்காரர்கள். எங்கிருந்து தொடங்குவது?
— இளம் மயக்க மருத்துவர், மதுரை

அறையும் கணினியும் பிறகு வரட்டும். அறுவை என்று முடிவான அன்றே நோயாளி உங்களிடம் வர வேண்டும் என்பதையும், தேதியை மாற்ற உங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் முத்திரை குத்தும் ஆளாகத்தான் இருப்பீர்கள். பிறகு ஒரு நல்ல நர்ஸ் வேண்டும். படை மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் கிடைத்தால் விடாதீர்கள், டாக்டரிடம் மறைப்பதை அவரிடம் சொல்வார்கள். அறுவைக்கு மூன்று, நான்கு நாள் முன்பு அவர் போன் செய்து எந்த மாத்திரை நின்றது, எது தொடர்கிறது என்று கேட்கட்டும்.

மனைவியையும் உள்ளே கூப்பிடுங்கள். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, ரம்மின் அளவு, குளியலறையில் விழுந்தது எல்லாம் அவரிடமிருந்துதான் வரும். காது கேட்காத பழைய பீரங்கிப்படைக்காரர்களிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். மயக்கம் கொடுக்கும் வரை காதுக்கருவி காதில் இருக்கட்டும்.

எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் எழுதாதீர்கள். கண்புரை அறுவைக்கு வழக்கமான பரிசோதனைகளால் பாதுகாப்பு கூடவில்லை என்பது சுமார் 19,000 அறுவைகளை வைத்துச் செய்து, 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

நாளை மறுநாள் அறுவை. பீடியை இன்று விட்டு என்ன பயன்? கடைசி நேரத்தில் விட்டால் சளிதான் கூடும் என்கிறார் நண்பர்.
— ஓய்வுபெற்ற ஓட்டுநர், ஏ.எஸ்.சி. (ராணுவ வழங்கல் பிரிவு), விருதுநகர்

நண்பர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஒரு நாள் விட்டாலே இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு குறைந்து பிராணவாயு கூடும். நான்கு வாரம் முன்பே விட்டிருந்தால் நுரையீரலுக்கும் புண் ஆறுவதற்கும் இன்னும் நல்லது. இன்றே விடுங்கள். இன்ஹேலர் இருந்தால் அறுவை நாள் காலையிலும் இழுத்துவிட்டு, அதைக் கையோடு எடுத்து வாருங்கள்.