தடயவியல் அறிக்கையில் மனித ரத்தம் என்று வந்தும் கொலை வழக்கில் விடுதலை ஆவது எப்படி?

"கத்தியில் மனித ரத்தம் என்று லேப் சொல்லிவிட்டது, பிறகென்ன சந்தேகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்து டீக்கடையிலும் இதே கேள்விதான் ஓடுகிறது.

கடலூர் முதுநகரில் மீன் வெட்டுபவர் ஒருவர் மீது கொலை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். கத்தியில் இருப்பது மீன் ரத்தமா மனித ரத்தமா என்று லேப் பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் யாருடையது? ரத்தப் பிரிவு கண்டறிய முடியவில்லை என்று அறிக்கை வந்தால், அவர் தன் விரலையே வெட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். பிரிவு பொருந்தினாலும், ஊரில் ஓ பாசிட்டிவ் எத்தனை பேர்!

அப்புறம் கத்தி வந்த வழி. கத்தியைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரில் துணியில் சுற்றியது என்று இருக்கும். லேபுக்கு வந்தது பிளாஸ்டிக் கவரில். நடுவில் பத்து நாள் எங்கே இருந்தது என்று ஒரு கையெழுத்தும் இல்லை. லேப் முடிவுக்கு முன்னால் இதைத்தான் படிக்க வேண்டும் என்பேன். தேனி சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையையே ரத்து செய்தது. டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த ஓட்டைகள் அதற்கு முக்கியக் காரணம். மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், யார் கையில் இருந்தன என்று பதிவேடு வேண்டும் என்றும் சொன்னது.

சரி, எந்தச் சந்தேகமும் போதுமா? போதாது. 'யாராவது ரத்தத்தைத் தடவியிருப்பார்களோ' என்ற வெறும் கற்பனை எடுபடாது. கையெழுத்தில்லாத அந்தப் பத்து நாள் எடுபடும். நேரில் பார்த்த நம்பகமான சாட்சி இருந்தால் லேப் குளறுபடியோடும் தண்டனை நிற்கலாம். நேரில் பார்த்தவர் இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியம் மட்டுமே என்றால், உச்ச நீதிமன்றத்தின் 1984 சார்தா வழக்குத் தீர்ப்பின்படி சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது.